கம்பி, தோல், கட்டி

அவளைப் பற்றி யார் கேட்டாலும் நல்லவிதமாகத்தான் சொல்வேன். கெட்டவிதமாகச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம். தேடாமல் விட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஒரே அறையில் வேலை பார்த்த காலம் முழுக்கத் தேடினேன். செருப்பைக் கண்ட இடத்தில் விடுவாள். என் சீப்பைக் கேட்காமல் எடுப்பாள். வேர்க்கடலை தின்றுவிட்டுத் தோலை மேசைமேல் ஊதுவாள். இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒருத்தியை எத்தனை நாள் வெறுக்க முடியும்? நானும் முயன்று பார்த்துவிட்டேன்.

ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். மண்வாரி இயந்திரங்கள் செய்கிற பெரிய தொழிற்சாலையில் டிசைன் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர் நான்கு கம்ப்யூட்டர் வாங்கிப்போட்டு அதை ஆரம்பித்திருந்தார். எங்களுக்கு அவர் சார். கம்பெனிகள் காகித டிராயிங்கை அனுப்பும். அதைப் பார்த்து அந்தப் பாகத்தைக் கம்ப்யூட்டருக்குள் முழு உருவமாக எழுப்பித் தர வேண்டும். மாடல் போடுவது என்று சொல்வோம். அங்கே முதலில் சேர்ந்தவள் நான். பெங்களூருக்கு ரயிலில் போய்வந்து படித்துவிட்டு, ஏ.சி.க்கு நேர் கீழே உள்ள நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தவள். என் கை வேகம் சாருக்குப் பெருமை. யாராவது வந்தால் என் பின்னால் கொண்டுவந்து நிறுத்தி வேடிக்கை காட்டுவார்.

அப்புறம் அவள் வந்தாள். மாரிகுப்பத்துப் பெண். அப்பாவுக்குத் தங்கச் சுரங்கத்தில் வேலை. என்னைவிட இரண்டு வயது மூத்தவள், ஆனால் ஒரே டிப்ளமோதான். மார்க் எனக்குத்தான் அதிகம். இதை இப்போதும் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

வந்த முதல் நாள் சார் அவளிடம் ஒரு டிராயிங்கைக் கொடுத்தார். ஒரு சாதாரண பிராக்கெட். நானாக இருந்தால் டிராயிங் மேசையில் விழுவதற்குள் மவுஸைப் பிடித்திருப்பேன். இவள் காகிதத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய்விட்டாள். பாவாடைப் பையில் இருந்து கடலையை எடுத்து உரித்துத் தின்றபடி தெருவைப் பார்த்தாள். கீழே தக்காளி வண்டிக்காரனிடம் ஒரு அம்மாள் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். பேரம் முடிந்து தக்காளி பைக்குள் போகும்வரை இவள் நகரவில்லை.

"என்னம்மா, புரியலையா?" என்றார் சார்.

"புரியுது சார். இது எந்த லெவல்னு பாத்துனு கீறேன்."

சாருக்கு விளங்கவில்லை. எனக்கும்தான். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற கூண்டு கேஜ், அது நிற்கிற ஆழம் லெவல். அவள் அந்தச் சுரங்கத்துப் பேச்சில் சொன்னாள்: "எங்கப்பா கேஜுக்குள்ள ஏறும்போதே எந்த லெவல்னு சொல்லிடுவாரு சார். வேற லெவல்ல போய் நின்னுட்டு, அய்யோ இது இல்லியேன்னா, திரும்பி மேல வர்றதுக்குள்ள ஷிப்ட்டே போயிடும். இதுவும் அப்படித்தான். உள்ள எறங்கிட்டா அப்பால மாத்த முடியாது."

அன்றிலிருந்து அவள் எந்த வேலையைத் தொட்டாலும் முதல் கேள்வி அதுதான். எந்த லெவல்? அவளுக்கு மூன்றே லெவல். வயர்ஃப்ரேம், சர்ஃபேஸ், சாலிட் என்று நாங்கள் படித்துவந்ததை அவள் கம்பி, தோல், கட்டி என்றாள். எங்கே எது நிற்கிறது என்று இட அமைப்பைப் பார்க்கத்தான் கேட்கிறார்களா, விளிம்புக் கோடுகள் போதும், கம்பி. மேற்பரப்பின் வளைவுதான் முக்கியமா, தோல். உள்ளே நிறைந்திருக்க வேண்டுமா, எடை தெரிய வேண்டுமா, துளை போட வேண்டுமா, கட்டி. "பூரிய எட போட்டு மைசூர்பாகு வெலைக்கு விக்க முடியுமா?" என்பாள். சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். என் வேகத்தைப் பார்த்து அவர் வியந்திருக்கிறார், ஒருநாளும் சிரித்ததில்லை. ஒருவர் நம்மைப் பார்த்து வியப்பதைவிட நம் பேச்சுக்குச் சிரிப்பது பெரிய சொத்து என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் வீட்டுக்கு அவள் வந்தாலும் இதே கதைதான். பிள்ளையார் சதுர்த்திக்கு அம்மா கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தாள். இவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "அம்மா, இதுக்கு மொதல்ல தோலா, உள்ள இருக்கறதா?" என்று கேட்டாள்.

"என்னடி கேள்வி இது, மாவைக் கிண்ணம் பண்ணிட்டுத்தானே பூரணம் வைக்கணும்."

"அப்ப தோலு முதல், கட்டி அப்பால. இந்த மாதிரி வேலையும் கீதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் பூரித்துப்போனாள். இட்லித் தட்டில் இருந்து இறங்கிய முதல் கொழுக்கட்டை, பிள்ளையாருக்குப் படைத்த கையோடு, அவளுக்குப் போனது. எனக்கு நான்காவதோ ஐந்தாவதோ கிடைத்தது, அதிலும் வாய் பிளந்தது. மறுநாளில் இருந்து என் சாப்பாட்டு டப்பாவில் ஒரு அடுக்கு கூடியது. "அந்தப் பொண்ணுக்கும் சேர்த்துதான் வச்சிருக்கேன்" என்றாள் அம்மா. நான் அந்தக் கூடுதல் அடுக்கை வீட்டில் இருந்து ஆபீஸுக்கு நாள்தோறும் சுமந்தேன்.

அந்தப் பம்ப் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நான் காரணமில்லாமல் பொருமுகிறேன் என்று ஆகிவிடும். ஒரு தண்ணீர் பம்ப்பின் வார்ப்பு உறை, இரண்டு பாதி. ஒரு பாதி எனக்கு, ஒரு பாதி அவளுக்கு. நான் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்தேன். நத்தைக் கூடு போன்ற அதன் வளைவு முழுவதையும் தோலாக இழுத்து, வெள்ளி நிறம் கொடுத்து, ஸ்க்ரீனில் சுழலவிட்டேன். கீழே இருந்த ஜவுளிக்கடைக்காரர் மாடியேறி வந்து பார்த்துவிட்டு, கையில் எடுக்கலாம் போலிருக்கிறதே என்றார். அவள் அப்போதும் ஜன்னலில். அவள் பாதி சாயங்காலம்தான் முடிந்தது, பார்க்க ஒன்றும் அழகில்லை, சாம்பல் நிறத்தில் ஒரு மொத்தை.

மறுநாள் கம்பெனியில் இருந்து போன். சுவர் கனத்தை இரண்டு மில்லி கூட்ட வேண்டும், எடை எவ்வளவு வரும் என்று சொல்ல வேண்டும். அவள் ஒரு எண்ணைத் திருத்தினாள். கனம் கூடியது, துளைகள் தாமாக நகர்ந்தன, எடை வந்தது. டீ குடிக்கப் போய்விட்டாள். என்னுடையது வெறும் தோல், எடை கிடையாது, கூட்டுவதற்குக் கனமும் கிடையாது. நான் முதலில் இருந்து ஆரம்பித்தேன். அவள் வந்து என் தோளில் கையூன்றி, "ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் இல்லப்பா" என்றாள். கேலி இல்லை, நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னாள். கேலி செய்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

நானும் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். அவள் இல்லாத ஒருநாள், கடலைகூட வாங்கிவைத்துக்கொண்டு. டிராயிங்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றேன். தக்காளி வண்டி வந்தது, போனது. எனக்குள் எந்த லெவலும் தோன்றவில்லை. சார் எட்டிப் பார்த்து, "தலைவலியாம்மா? வேணும்னா வீட்டுக்குப் போ" என்றார்.

அவளுக்கு வராத வேலையும் ஒன்று இருந்தது. வளைவுகள். பஸ் இருக்கையின் முதுகு ஒன்று வந்தபோது அவள் போட்டதைப் பார்த்தால் துவைக்கிற கல் மாதிரி இருந்தது. இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு நாற்காலியை என் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தாள். "இது எனக்கு வராதுப்பா. நீ போடு" என்று சொல்லிவிட்டு, நான் போடுவதைக் கடலை தின்றபடி வேடிக்கை பார்த்தாள். எனக்கு ஒரு வாரம் தரையில் கால் பாவவில்லை. தோற்றுவிட்டாள் என்று நினைத்தேன். ஆனால் தோற்றவளின் முகம் அப்படி இருக்காது. எனக்கு வராது என்று ஒருத்தி வாய்விட்டுச் சொல்லி, சொன்ன பிறகும் நிம்மதியாக இருப்பதை அதுவரை நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அந்த வாசகமே கிடையாது. யார் எதைக் கேட்டாலும் வரும், முடியும், செய்துவிடலாம். அப்படித்தான் என்னை வளர்த்தார்கள்.

அந்த வருஷம் எனக்கு மாப்பிள்ளை தேட ஆரம்பித்திருந்தார்கள். அதே சமயத்தில்தான் பெங்களூர் கம்பெனி ஒன்று, மாடல் போடுவதற்கென்று தனியாக ஒரு பிரிவு தொடங்கப்போகிறது, அதற்குத் தலைமையாக ஒருவர் வேண்டும், எங்கள் ஆபீஸில் இருந்து எடுத்துக்கொள்கிறோம் என்று சாரிடம் சொன்னது. அம்மா என்னிடம், "அந்த வேலை கெடச்சா ரெண்டு வருஷம் கல்யாணப் பேச்சே எடுக்கல, போதுமா?" என்றாள். போதும், எனக்கு அது ஒன்றே போதும். ராத்திரி படுத்தால் அந்த நாற்காலிதான் கண்ணில் நின்றது. நாற்காலியில் சில சமயம் அவள் உட்கார்ந்திருப்பாள், நான் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுப்பேன்.

கம்பெனியில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள். கன்னடக்காரர்கள், மரியாதையானவர்கள். மண் அள்ளுகிற ஒரு சின்ன லோடர் வண்டியின் பானட், அதாவது இன்ஜின் மூடியின் டிராயிங்கை விரித்தார்கள். எப்படிப் போடுவீர்கள், போட்டுக் காட்டுங்கள் என்றார்கள். நான் பார்த்தேன். மேல்புறம் முழுக்க இரட்டை வளைவு, முன்னால் நெற்றிபோல இறங்கி விளக்குத் துளைகளில் போய்க் கலந்தது. தோல், சுத்தமான தோல். இவள் இதைக் கட்டியில் போட்டால் எருமை முதுகு மாதிரி வரும். என் உள்ளங்கை வியர்த்துவிட்டது, சந்தோஷத்தில். கடவுள் எனக்கென்றே அனுப்பிய டிராயிங் என்று நினைத்தேன்.

மூத்தவர் முதலில் என்னைக் கேட்டார். முழுவதையும் நீங்களே போடுவீர்களா? மேல்வளைவு, உள்ளே தாங்குகிற விலா எலும்புகள், கீல் உட்காருகிற இடம், பூட்டு எல்லாமே?

"போட்டுடுவேன் சார்" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அவளைக் கேட்டார். அவள் டிராயிங்கைச் சுருட்டிக்கொண்டு, வந்தவர்களை நிற்கவைத்துவிட்டு, ஜன்னலுக்குப் போனாள். சார் நெளிந்தார். நான் உள்ளுக்குள் கைதட்டினேன். போ, நன்றாகப் போய் நில்.

திரும்பி வந்து டிராயிங்கை விரித்து மேல்வளைவின் மேல் விரலை வைத்தாள். "இது நனகெ பரல்ல சார்" என்றாள் கன்னடத்தில். பிறகு எங்கள் சாரைப் பார்த்து அதையே தமிழில் சொன்னாள். "இது எனக்கு வராது சார். இது தோல் வேல. இந்த ஊர்ல அதுக்கு இவள விட்டா ஆளு இல்ல. இவ தோல் போட்டுக் குடுத்தா, நான் அதுக்குக் கனம் ஏத்தி, உள்ள இருக்கறதெல்லாம் கட்டியில கட்டிடுவேன். நாளைக்கு நீங்க விலா எலும்ப மாத்தினா மேல இருக்கிற அழகு கெடாது. இவங்க வீட்டுக் கொழுக்கட்டை மாதிரி."

கடைசி வாக்கியம் அவர்களுக்குப் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. என் அம்மாவின் கொழுக்கட்டை.

நான் போட்டேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இல்லை. இருந்தால் கனம் ஏறாது, அதனால் ஒரு இடைவெளியை விட்டுவைக்கலாமா என்று கெட்ட எண்ணம் ஒன்று வந்து போனதையும் சொல்லிவிடுகிறேன். வந்தது, போய்விட்டது, என் வேலையை நானே கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவள் கம்ப்யூட்டருக்கு அனுப்பினேன். அவள் கனம் கொடுத்தாள், ஒரே தடவையில் ஏறியது. "பாத்தீங்களா, யாரு போட்டாலும் இப்படி ஏறாது சார்" என்று வந்தவர்களிடம் என் முதுகைத் தட்டிக் காட்டினாள்.

அடுத்த வாரம் சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "போடறதுக்கு ஆளு அவங்ககிட்டயே இருக்காங்களாம்மா. எதை எப்படிப் போடணும், யாரு போடணும்னு முன்னாடியே சொல்ற ஆளுதான் வேணுமாம்." அவள் கத்திச் சிரித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். "நீ போட்ட தோலுதான்பா என்ன இழுத்துனு போவுது" என்றாள். அவள் தலையில் கடலை வாசம் அடித்தது. நான் அழுதேன். எல்லோரும் அதைப் பிரிவுத் துயரம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். அவள் பேராசைப்பட்டு முழுவதையும் கட்டியில் போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். என்னை மட்டம்தட்டிப் பேசியிருந்தாலாவது காலத்துக்கும் திட்டிக்கொண்டிருக்கலாம். அவள் என்னை ஊரறியப் புகழ்ந்துவிட்டு என் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். யாரிடம் போய் முறையிடுவது? கேட்டவர்களெல்லாம் ஒன்றையே சொன்னார்கள். உன்னைப் பத்தி எவ்வளவு ஒசத்தியா சொல்லியிருக்கா பாரு. அம்மாவும் அதையே சொன்னாள். சொல்லிவிட்டு, மாப்பிள்ளை வீட்டாருக்கு வரச் சொல்லித் தகவல் அனுப்பினாள்.

அவள் மாரிகுப்பத்தில் இருந்து காலை ரயிலில் போய்வர ஆரம்பித்தாள். போனவள் போய்த் தொலைந்தாளா என்றால் அதுவும் இல்லை. பெங்களூரில் வளைவான வேலை எது வந்தாலும் எனக்கு அனுப்பச் சொன்னாள். என் சம்பளம் கூடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நான் தனியாக இருக்கும்போது அந்த வாசகத்தைச் சொல்லிப் பார்ப்பேன். எனக்கு வராது. கண்ணாடி முன்னால், குளியலறையில், பஸ்ஸில் உதட்டுக்குள். அவளிடம் நான் ஆசைப்பட்டது நாற்காலி இல்லை என்பது மெதுவாகத்தான் பிடிபட்டது. அந்த வாசகமும் அதைச் சொல்லிவிட்டுக் கடலை தின்ன முடிகிற அந்த முகமும்தான். நாற்காலியை யாராவது பிடுங்கிக் கொடுக்கலாம், இதை எப்படிப் பிடுங்குவது?

மாப்பிள்ளை வீட்டார் சேலத்துப் பக்கம். நல்ல மனிதர்கள். மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். பெரிய குடும்பம், நிறைய சொந்தம், வந்துபோகிறவர்கள் அதிகம் என்றார். "கல்யாணத்துக்கு அப்புறம் வேலைய விட்டுட்டு வீட்டோட இருந்துக்க முடியுமில்லம்மா?" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார்.

முடியும் என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நான் எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. கூடத்து ஜன்னல்வரை போய் நின்றேன். எதிர் வீட்டு அம்மாள் ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு புடவை, ஒரு பாவாடை, இரண்டு சட்டை. பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். திரும்பி வந்தேன்.

"ஆபீஸ் வேலை எனக்கு வரும்ங்க. வீட்டையும் பாத்துப்பேன். வேலைய விட்டுட்டு இருக்கறது எனக்கு வராது" என்றேன்.

அவர்கள் கோபப்படவில்லை. பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, அம்மாவிடம் சொல்லிக்கொண்டு, ஊருக்குப் போய் எழுதுகிறோம் என்று கிளம்பினார்கள். எழுதவில்லை. எனக்குள் என்னவோ ஒன்று குதித்தது. சொல்லிவிட்டேன், நானே சொல்லிவிட்டேன். அம்மா தட்டுகளை அடுக்கினாள். பிறகு, "அப்படியே அவ பேசற மாதிரி இருந்துது" என்றாள்.

மறுநாள் ஞாயிறு. அவள் வந்தாள், வழக்கம்போலச் செருப்பை நடைவழியில் விட்டாள். அம்மா நடந்ததையெல்லாம் சொன்னாள். ஜன்னலுக்குப் போனதையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அம்மாவின் குரலில் கோபம் கரைந்து பெருமை ஏறிவிட்டது. "எல்லாம் உன்னோட பழகினதுதான்டி. இல்லாட்டி இவ வாயில இருந்து இப்படி ஒரு வார்த்தை வருமா?" என்று சொல்லி, மிச்சமிருந்த சொஜ்ஜியை முழுதாக அவள் தட்டில் வழித்துப் போட்டாள்.

என் வாய், என் வீட்டுக் கூடம், என் கல்யாணம். சொன்னது நான். அதற்கும் பரிசு அவள் தட்டில்.

அவள் என்னைப் பார்த்தாள். "மெய்யாலுமே சொன்னியாப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். சந்தோஷத்தில் அவள் கண் கலங்கிவிட்டது, அதையும் என்னால் குறைசொல்ல முடியவில்லை. சொஜ்ஜி தித்திப்பாக இருந்திருக்க வேண்டும், காரத்துக்கு என் தட்டில் இருந்த ஒரே பஜ்ஜியைக் கேட்காமல் எடுத்துக் கடித்துக்கொண்டாள்.